பேய் சிரித்தால் மதிப்பெண் போடுவது யார்?

தொலைக்காட்சியில் பேய் வந்தால் தமிழர் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். "சத்தத்தைக் குறை, பிள்ளை பயப்படுவான்" என்பது ஒன்று. "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா?" என்பது மற்றொன்று. இவற்றுக்கிடையே மூன்றாவதாக ஒரு சத்தமும் உண்டு. அது சிரிப்பு.

பயந்துகொண்டே சிரிப்பது தமிழருக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி கதை சொல்லி, புதிர் போட்டு, பதில் வந்ததும் மீண்டும் முருங்கை மரம் ஏறிக்கொள்ளும் வேதாளத்தைவிடக் குறும்பான பேய் வேறு எது? ஆனால், சிரிக்க வைக்கும் பேய்க் கதையை எப்படி எடைபோடுவது என்பதில்தான் விமர்சனம் நெடுங்காலமாகத் தடுமாறி வந்திருக்கிறது.

முதல் பயம்

இந்த வட்டாரத்தில் பேயைத் திரையில் வெற்றி பெற வைத்ததில் ஓர் இந்திய இயக்குநருக்குப் பங்குண்டு. 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே கிரிஸ் நிறுவனம் வெளியிட்ட 'பொந்தியானாக்' மலாய்ப் படத்தை இயக்கியவர் பி.என்.ராவ். மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. இன்று அந்த முதல் படத்தின் பிரதியே இல்லை. பெயரும் புகழும்தான் மிச்சம்.

பின்னர் மலேசியாவில் திகில் படங்கள் மெல்ல ஒதுங்கின. பேய், பில்லி, சூனியம் எல்லாம் சமய நம்பிக்கையைக் கெடுக்கும் என்ற கவலையும் தணிக்கையின் கண்டிப்பும் சேர்ந்து, 1990களில் உள்ளூர்த் திகில் படம் என்பதே அரிதாகிவிட்டது. 2004-இல் ஷுஹைமி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' வந்த பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது. அதுவரை பேய்க் கதையிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "இது நல்ல கதையா?" என்பதல்ல, "இது நம்பிக்கையைக் கெடுக்குமா?" என்பதே.

கறுப்பசாமியும் மருத்துவரும்

தமிழிலும் அதே கேள்விதான், வேறு உடையில் வந்தது. பகுத்தறிவுப் பிரசாரம் ஊறிய தமிழ்நாட்டில் அதைச் சமயத்தின் பெயரால் கேட்கவில்லை. அறிவியலின் பெயரால் கேட்டார்கள்.

1990களில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்தது. அதில் 'விடாது கருப்பு' கதை இன்றும் பேசப்படுகிறது. தவறு செய்பவனைக் காவல் தெய்வம் தண்டிக்கிறது என்கிறது கிராமம். மனம் பிளவுபடும் நோய் என்கிறது மருத்துவம். இரு தரப்புக்கும் கதையில் இடமிருந்தது. பக்தரும் பார்த்தார், பகுத்தறிவாளரும் பார்த்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024-இல் காலமானபோது வாசகர்கள் பலரும் முதலில் நினைவுகூர்ந்தது இந்தத் தொடரைத்தான்.

இது தமிழருக்கு மட்டும் உரிய உத்தி அல்ல. அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய 'ஸ்கூபி டூ' கேலிச்சித்திரத் தொடரில், பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மோசடிக்காரன் இருப்பான். 2005-இல் வந்த 'சந்திரமுகி' படத்திலும் பேய்க்கு மனநோய் என்ற விளக்கம் உண்டு. விளக்கம் இருந்தால் பேய்க்குக் கௌரவம் கிடைக்கிறது.

விளக்கம் சொல்லாமல், பேயை நிஜமென வைத்துக்கொண்டு சிரிக்க மட்டும் சொன்னால்? அங்கேதான் மதிப்பெண் குறைகிறது. இந்தி தொலைக்காட்சியில் 1995-இல் வந்த 'ஹம் பாஞ்ச்' தொடரில், இறந்துபோன முதல் மனைவி சுவரில் மாட்டிய படத்துக்குள்ளிருந்து கணவரைக் கண்டிப்பார். சன் டிவியில் 2004 முதல் 2007 வரை வந்த 'மை டியர் பூதம்' தொடரில் மூசா என்ற குட்டிப் பூதம் பிள்ளைகளின் தோழனாக இருந்தது. பிள்ளைகள் கொண்டாடிய அந்தத் தொடருக்குப் பெரியவர்களின் விமர்சனப் பக்கத்தில் இடம் எங்கே இருந்தது? ஆனந்த விகடன் சினிமாவுக்கு மதிப்பெண் போட்டது. நாடகத் தொடருக்கு அப்படி ஒரு வழக்கமே வேரூன்றவில்லை.

முனியாண்டி பேயா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த விவாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தோட்டத்து எல்லையில் மரத்தடியில் சூலத்தோடு நின்ற முனியாண்டி, லயத்து மக்களுக்குக் காவல்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது சில இடங்களில் சாமியும் கூடவே வந்தது. சில இடங்களில் மரத்தோடு போனது. 'முனி' என்றால் கும்பிடவும் வேண்டும், பயப்படவும் வேண்டும் என்று வளர்ந்தவர்களின் வீட்டுக்குள்தான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளின் ஒளிநாடாக்களும் 1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அஸ்ட்ரோவும் தமிழ்ப் பேய்களைக் கொண்டுவந்து சேர்த்தன.

ராகவா லாரன்சின் 'முனி' 2007-இலும் 'காஞ்சனா' 2011-இலும் வந்தன. பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் இளைஞனைப் பார்த்து அரங்கம் சிரித்தது. கூச்சல் அதிகம் என்று குறைபட்டவர்களும் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால், 'காஞ்சனா'வின் பேய் யார்? வீட்டாரால் விரட்டப்பட்டு, நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. உயிரோடு இருந்தபோது நீதி கிடைக்காதவர்தான் பேயாகத் திரும்பி வருகிறார். நிலமும் வீடும் கைவிட்டுப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது வெறும் கூத்தாகத் தெரியாது.

சுந்தர்.சி 'அரண்மனை'யில் (2014) கண்ட வெற்றிக்குப் பின், பேயையும் பாம்பையும் சேர்த்து 2017-இல் 'நந்தினி' தொடரைத் தந்தார். அது தென்னிந்திய மொழிகள் நான்கிலும் ஓடியது. சினிமாவில் சோதிக்கப்பட்ட சரக்கு சின்னத்திரைக்கு வந்தது. விமர்சனம் மட்டும் கூடவே வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாடம்

மலாய்ப் படவுலகில் மாமாட் காலிட் செய்தது கவனிக்கத்தக்கது. கார்ட்டூன் கலைஞர் லாட்டின் தம்பியான அவர், 'சோம்பி கம்போங் பீசாங்' (2007), 'ஹந்து காக் லீமா பாலேக் ரூமா' (2010) ஆகிய படங்களில் பேயைச் சாக்காக வைத்துக் கிராமத்து வம்பையும் போலித்தனத்தையும் கிண்டல் செய்தார். 2018-இல் வந்த 'ஹந்து காக் லீமா' 3 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. 2021-இல் அவர் மறைந்தபோது, சிரிக்க வைத்தவர் என்று மட்டுமல்ல, சமுதாயத்தைப் படித்தவர் என்றும் அஞ்சலி செலுத்தினார்கள்.

மலேசியத் தமிழிலும் முயற்சி உண்டு. ஜேகே விக்கி இயக்கிய 'பூச்சாண்டி' 2022-இல் வெளிவந்து, தமிழ்நாட்டுத் திரையரங்கு வரை சென்றது. அது நகைச்சுவைப் படம் அல்ல. ஆனாலும், பிள்ளைகளைச் சோறு உண்ண வைக்கப் பயன்பட்ட ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பழைய வரலாறு இருக்கலாம் என்று கேட்க வைத்தது.

அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய 'ஆடம்ஸ் ஃபேமிலி', 'மன்ஸ்டர்ஸ்' என்ற இரு பேய்க் குடும்பத் தொடர்களும் இரண்டே ஆண்டுகளில் நின்றன. அவை வெறும் வேடிக்கை அல்ல, அன்றைய குடும்ப வாழ்க்கையின் கேலிச்சித்திரம் என்று பின்வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். அவ்வளவு காலம் காத்திருக்க உள்ளூர்க் கலைஞர்களால் முடியுமா? இங்கே ஒரு தொடருக்கு நல்ல விமர்சனம் கிடைக்காவிட்டால், அடுத்த தொடருக்கு வாய்ப்பும் குறைகிறது, பாடமும் கிடைப்பதில்லை.

எனவே, அடுத்த முறை சின்னத்திரையில் பேய் சிரிக்கும்போது, "பேய் உண்டா, இல்லையா?" என்ற வழக்கை ஒருபுறம் வையுங்கள். அந்தப் பேய்க்கு என்ன அநியாயம் நடந்தது? சிரிப்பு யாரை நோக்கி எறியப்படுகிறது, ஏய்த்தவனையா, ஏமாந்தவனையா? கும்பிடும் சாமியைக் கோமாளி ஆக்காமல் பயத்தை மட்டும் கேலி செய்யத் தெரிந்ததா? இவற்றைக் கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதினாலே போதும். அதுவும் விமர்சனம்தான். வேதாளம்கூட, சரியான பதிலைச் சொன்னவனுக்குத்தான் கடைசியில் வழிகாட்டியது.