நாலு எழுத்து விலாசம்

செட்டிநாட்டில் பழைய ஆட்களிடம் "உங்க விலாசம் என்ன?" என்று கேட்டால் கதவு எண்ணும் தெருவும் வராது. நாலு எழுத்து சொல்வார்கள். குடும்பப் பெயர்களின் முன்னெழுத்துகள் அவை. வட்டித் தொழிலில் அதுதான் கடையின் பெயரும்கூட.

இதற்கு ஒரு கட்டாயம் இருந்தது. நகரத்தார் வீட்டில் மூத்த பேரனுக்கு ஐயா பேர்தான். ஆக, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே சிதம்பரம், அதே முத்தையா, அதே அண்ணாமலை. பின்னால் எல்லாருக்கும் 'செட்டியார்' வேறு! ஊருக்குள் என்றால் 'மேலத்தெரு அண்ணாமலை' என்று சமாளிக்கலாம். ரங்கூனில் எழுதிய உண்டியலுக்குக் காரைக்குடியில் பணம் எண்ணிக் கொடுப்பவர் என்ன செய்வார்? ஆள் மாறினால் போச்சு. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்கிறது அன்றைய வங்கி விசாரணைக் கமிட்டியின் கணக்கு.

எனவே பாட்டன், அப்பன் பெயர்களின் எழுத்தைக் கோத்தார்கள். ஒற்றை எழுத்து போதவில்லை. 'சி' என்றால் சிதம்பரமா, சின்னையாவா? அதனால் சிதம்பரத்துக்கு 'சித.', ராமநாதனுக்கு 'ராம.', பழனியப்பனுக்கு 'பழ.'. 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். நடுவில் நிற்கும் 'சிடி' ஐயா சிதம்பரம். அடுத்த 'எம்' அப்பச்சி முத்தையா. பிறகு இவர், மறுபடியும் சிதம்பரம். பெயர் திரும்பி வந்தாலும் எழுத்துச் சரம் நீண்டுவிட்டது, பாருங்கள்!

இன்றைக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி. ஒன்றையொன்று அறியாத இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதற்காக வந்தது 'யூயூஐடி' என்ற 128 பிட் எண். அதில் ஆரம்பகால வகை, இயந்திரத்தின் முகவரியையும் எண் பிறந்த நேரத்தையும் சேர்த்துக் கட்டியது. எண் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். செட்டியார்கள் நேரத்துக்குப் பதில் தலைமுறையை வைத்தார்கள், அவ்வளவுதான்.

முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. எழுத்து ஒத்துப்போனால் எந்த ஊர், ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று விசாரிக்க வேண்டியதுதான். இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. ஆச்சிமார் சீதனப் பணம் இந்தக் கடைகளில்தான் வட்டிக்கு வளர்ந்தது. பேரேட்டில் அவர்களுக்கு வரவு உண்டு. விலாசத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். 1948-ல் நிலங்களை தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. கடைகள் போயின. எழுத்துகள் மட்டும் கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் வரிசை கட்டி நிற்கின்றன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்தான் அது செல்லாது; இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள்.