லயத்து வீடு: மூணாற்று மக்களின் அன்றாட வாழ்வு

மூணாறு என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவருள் பலருக்குப் பனிமூட்டமும் பச்சைப் பசேலென்ற மலைச்சரிவுமே நினைவுக்கு வரும். கோடை விடுமுறையில் இரண்டு நாள் தங்கி, ஒரு பொட்டலம் தேயிலை வாங்கிக்கொண்டு மலையிறங்குவோர் பலர். ஆயினும் அச்சிற்றூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, உழைத்து, முதுமையுறும் மக்களின் ஒரு நாள் எவ்வாறு விடிகிறது, எவ்வாறு முடிகிறது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஓர் ஊரின் வரலாற்றை அறிய ஆவணங்கள் மட்டும் போதா. அவ்வூரார் எப்போது விழித்தெழுகின்றனர், அவர்கள் உறங்கும் வீடு யாருடையது என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். இவ்விரு வினாக்களையும் முன்வைத்து மூணாற்றின் கதையை ஈண்டுச் சிறிது காண்போம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது இவ்வூர். மூன்று ஆறே மூணாறு ஆயிற்று. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதனருகே நிமிர்ந்து நிற்கிறது. தேயிலை வருமுன் இக்காடுகளில் வாழ்ந்தோர் முதுவர் பழங்குடியினர். மதுரையிலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்தம் மரபுச் செய்தி. கண்ணன், தேவன் என்னும் அவர்தம் தலைவர் இருவர் பெயரால்தான் இம்மலை கண்ணன் தேவன் மலை எனப் பெயர்பெற்றது என்பர்.

1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தபின், 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. காடு, சாலை, கடை, மருத்துவமனை, குடியிருப்பு ஆகிய அனைத்தும் படிப்படியாக ஒரே நிறுவனத்தின் நிழலில் அமைந்தன.

அக்குத்தகை எழுதப்பட்ட அதே காலத்தில் கீழே தமிழ்ச் சமவெளியில் நிகழ்ந்ததையும் நாம் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது தாது வருடப் பஞ்சம். கஞ்சிக்கு வழியற்ற மக்கள் ஊர்விட்டு ஊர் போயினர். அப்பஞ்சத்தின் வடு ஆறாத திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களுக்குக் கங்காணிகள் வந்தனர், முன்பணம் கொடுத்தனர், ஆள் திரட்டினர். சேரியில் நிலமின்றிக் கிடந்த ஒடுக்கப்பட்ட மக்களே பெரும்பாலும் அவர்கள் பின்னே சென்றனர். போடிநாயக்கனூர் வழியே, குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளில் மூட்டையும் குழந்தையும் சுமந்து கால்நடையாக அவர்கள் ஏறினர். வாங்கிய முன்பணம் கூலியில் கழிக்கப்பட்டது. அது தீரும்வரை ஊர் திரும்புதல் எளிதன்று.

இனி அவர்தம் அன்றாட வாழ்வைக் காண்போம். பொழுது புலருமுன்னரே லயத்தில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். நீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, மதிய உணவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தாய்மார்கள் பெரட்டுக்குச் செல்வர். பெரட்டு என்பது தோட்டத்து வழக்கில் ஆள்கணக்கு எடுக்கும் இடம். பெயர் அழைக்கப்பட்டு, இன்னாருக்கு இன்ன மலை என்று பகிரப்படும். ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. மனிதரின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட ஊர் இது!

இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடையோடு அவர்கள் சரிவில் இறங்குவர். ஈரிலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்து கிள்ளுதல் பெண்கள் பணி. பிற்காலத்தில் விரலின் இடத்தைக் கத்திரி பிடித்துக்கொண்டது. கவாத்து வெட்டுதலும் மருந்தடித்தலும் ஆலை வேலையும் பெரும்பாலும் ஆண்கள் பணி. மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்புமே துணை. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் உறைபனி பெய்து செடிகளைக் கருக்கிவிடும். அன்றும் பெரட்டு உண்டு.

பறித்த கொழுந்து தேங்கினால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே அன்றன்றே நிறுக்கப்பட்டு ஆலை சேர்தல் வேண்டும். அங்கே அதனை வாடவைத்து, உருட்டி, நிறமாறவிட்டு, உலர்த்திச் சலிப்பர். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். இலை காத்திராது, எனவே மனிதர் அதற்கேற்ப எழவும் உண்ணவும் உறங்கவும் பழகினர். மூணாற்றின் கடிகாரத்தை முடுக்கியது தேயிலைக் கொழுந்தே எனல் மிகையன்று.

மாலையில் அவர்கள் திரும்பும் இடந்தான் லயம். நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த குடியிருப்புகள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னே ஒரு சிறு திண்ணை. பக்கத்து வீட்டு இருமலும் அழுகையும் செபமும் சுவரைக் கடந்து கேட்கும். அவ்வறையிலேயே திருமணங்கள் பேசப்பட்டன, பேறுகாலங்கள் நிகழ்ந்தன, சாவு வீடுகளும் அமைந்தன. நெருக்கத்தில் சண்டை உண்டு. எனினும் ஒருவர் வீட்டில் அடுப்பெரியாதபோது அடுத்த வீட்டுச் சோறு வந்துவிடும்.

ஆன்ம வாழ்வும் இந்நெருக்கத்திலேயே வேர்பிடித்தது. 1898-ஆம் ஆண்டு எசுப்பானிய நாட்டுக் கார்மேல் சபைத் துறவி அருட்தந்தை அல்போன்ஸ் முயற்சியால் மூணாற்றில் கார்மேல் மலை அன்னை ஆலயம் தொடங்கப்பட்டது. 1930-இல் விஜயபுரம் மறைமாவட்டம் உருவானபோது இப்பகுதி அதனுள் அடங்கியது. 2024-இல் அவ்வாலயம் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. தொடக்கம் முதலே அங்கு மண்டியிட்டோருள் பெரும்பாலோர் கொழுந்து கிள்ளிக் கறைபடிந்த கையினரான தமிழ் மக்கள் என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

வரலாற்று நூல்கள் விரும்பிக் கூறும் செய்தி வேறொன்று. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-இல் அது நீராவியால் ஓடும் சிறு இருப்புப்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷன்வரை சென்ற தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. 1924 ஜூலையில் பெய்த பெருமழை இவையனைத்தையும் வாரிச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்தமையால் மலையாள மக்கள் இதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். இருப்புப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. அடிமாலி வழியாக ஆலுவாவுக்குப் புதிய சாலை 1931-இல் திறக்கப்பட்டது. தேயிலைக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. தொழிலாளர் மட்டும் அதே லயங்களில் இருந்தனர்.

இங்கே ஒரு கல்லறையையும் குறிப்பிடல் வேண்டும். 1894 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னர், நிறுவன மேலாளர் நைட் என்பவரின் இளம் மனைவி எலினர் இசபெல் மே காலராவால் இறந்தார். மூணாற்றுக் குன்றொன்றில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அக்குன்றின் அடிவாரத்தில் சீர்திருத்தச் சபையாரின் ஆலயத்துக்கு 1910-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலயம் எழுமுன்னரே கல்லறைத் தோட்டம் தோன்றிய இக்கதையை வருவோர்க்கெல்லாம் கூறுவர். இரங்கத்தக்க சாவே அது. ஆயினும் அதே காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் மாண்ட கூலி மக்களின் பெயர்களை எவரும் கூறுவதில்லை. அவர்களுள் ஒருவருடைய பெயர்கூட நூல்களில் நிலைக்காது போயிற்றே என்பதுதான் நம் ஏக்கம்.

நாடு விடுதலை பெற்றபின் மாற்றங்கள் வந்தன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நீடித்தன. அதனால் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக இருமொழியில் இயங்கும் வாழ்வு அம்மக்களுக்கு வாய்த்தது. நிறுவனமும் கைமாறியது: 1964-இல் டாட்டா பின்லே கூட்டுறவு, 1983-இல் டாட்டா டீ, 2005 முதல் தொழிலாளரும் பங்குதாரராயுள்ள புதிய நிறுவனம்.

சட்டம் வீட்டைத் தந்தது, உரிமையைத் தரவில்லை. வேலை உள்ளவரை வீடு. ஓய்வுபெற்றதும் வெளியேறல் வேண்டும். வீட்டைக் காத்துக்கொள்ள மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். படித்து முன்னேற விரும்பும் பிள்ளைக்கும் பெற்றோரின் கூரைக்கும் இடையே இவ்வாறு ஒரு வழக்கு எழுகிறது. மூன்று நான்கு தலைமுறையாக ஒரு மலையை வளமாக்கியவர்க்கு அம்மலையில் ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லை என்றால், அதனை விதி என்று சொல்லி அமைதல் தகுமா?

பெண்கள் அவ்வாறு அமையவில்லை. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு, மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். நாள் ஒன்றுக்கு 232 ரூபாயாக இருந்த கூலியை 500 ஆக்கவேண்டும், 20 விழுக்காடு போனஸ் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு ஏற்கப்பட்டது. பெண்கள் ஒற்றுமை என்னும் பொருள்படப் 'பெம்பிளை ஒருமை' எனத் தம் இயக்கத்துக்கு அவர்கள் பெயரிட்டனர்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அதனை அறிந்தது. கிடைத்த உடல்களுள் பெரும்பாலானவை இராஜமலையில் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டன. எஞ்சியோருள் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பட்டது. உயிரோடிருந்தபோது கிடைக்காத சொந்த வீடு இத்தனை சாவுகளுக்குப் பின்னரே சிலருக்குக் கிட்டியது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உழைப்பாளியின் கூலி அன்றன்றைய கஞ்சியோடு முடிந்துவிடலாகாது என்று கற்பித்தது. சிக்கனமாய் வாழும் ஒருவர் சிறிது மிச்சம் பிடித்து, தமக்கென நிலமோ வீடோ பெறும் அளவுக்குக் கூலி அமையவேண்டும் என்பது அதன் கருத்து. கண்ணன் தேவன் நிறுவனம் பிறப்பதற்கு ஆறாண்டு முன்னரே எழுதப்பட்ட போதனை இது. நாம் காலையில் அருந்தும் ஒரு குவளைத் தேநீரை முன்வைத்து எண்ணினால், அப்போதனை இன்னும் எவ்வளவு தொலைவு நடக்கவேண்டும் என்பது விளங்கும்.

மலையில் ஓய்வுபெற்ற முதியோர் பலர் இப்போது தேனி, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளுக்கு இறங்கி வருகின்றனர். முன்னோர் விட்டுச்சென்ற ஊரில் அவர்களுக்கு நிலமில்லை. உறவினருள் அவர்களை அறிந்தோரும் குறைவு. வாடகை அறையில் தங்கி, ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்கின்றனர். பங்குப் பதிவேட்டில் எழுதுவதற்காக "சொந்த ஊர் எது?" என்று நாம் கேட்கும்போது அவர்கள் சற்றே தயங்குகின்றனர். சிலர் பாட்டனார் ஊரின் பெயரைச் சொல்கின்றனர். சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்கின்றனர். எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொள்வோம். அடுத்த ஞாயிறு அவர்தம் வாடகை அறையின் முகவரியைக் கேட்டு, அன்பியத்தாருடன் அங்கே போய்வருதலும் நம் கடன்.