கொட்டிவிட்ட ஈஸ்ட்



நம் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் வளர்த்த கண்ணாடித் தட்டுகள் நினைவிருக்கிறதா? ஒருமுறை என் தட்டில் வேறேதோ முளைத்துவிட்டது. "கெட்டுப்போச்சுப்பா, கொண்டுபோய்க் கொட்டு" என்றார் ஆசிரியர். கொட்டினேன். அப்படிக் கொட்டப்பட்ட ஒன்றின் வரலாற்றைத்தான் இம்மலரில் சொல்ல விரும்புகிறேன்.

முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றைப் பீராக்குவது ஈஸ்ட். அந்தக் காலத்து ஐரோப்பிய வீடுகளில், முந்தைய பீரின் நுரையை எடுத்துப் புதுச் சாற்றில் விடுவார்கள். நாம் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதுபோல. அதில் பலவகை ஈஸ்டும் பாக்டீரியாவும் கலந்தே இருக்கும். ஒரு தடவை மணக்கும், மறு தடவை புளித்துப்போகும்.

1883-இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் பீர் கெட்டது. அங்கிருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், காரணம் காட்டு ஈஸ்ட் என்று கண்டார். ஒரே ஒரு நல்ல செல்லைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார். அந்தத் தூய ஈஸ்டை ஆலை மற்றவர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தது. அன்றுமுதல் காட்டு ஈஸ்ட் என்றாலே எதிரிதான்!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 1904-இல் அதே ஊரின் புதிய கார்ல்ஸ்பர்க் ஆலையைச் சேர்ந்த கிளாசன், நாள்பட வைத்த ஆங்கிலேயப் பீரின் தனி மணத்துக்கு ஒரு காட்டு ஈஸ்டே காரணம் என்று அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பிரெட்டனோமைசஸ். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தார் அதை விட்டதே இல்லை. குளிர்கால இரவில் சூடான சாற்றை அகன்ற தொட்டியில் திறந்துவைத்து, பிறகு ஓக் பீப்பாய்களில் ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை ஊறவிடுவார்கள். அதுதான் லாம்பிக்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிக்க 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. பின்னாளில் அங்குள்ள ஆர்வலர்கள் லாம்பிக் பாட்டிலின் அடிமண்டியைத் தங்கள் சாற்றில் ஊற்றிப் பார்த்தார்கள். சிலர் பழத்தோலிலிருந்தும் ஈஸ்ட் பிடித்தார்கள். பூஞ்சணம் பூத்ததைக் கொட்டிவிட்டு, நல்ல மணம் வந்ததை மட்டும் காப்பாற்றி வளர்த்தார்கள்.

ஹான்சன் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். எது எது என்று பிரித்துப் பார்க்கும் வித்தையை அவர் கற்றுத் தந்ததால்தான், பின்னால் வந்தவர்களால் வேண்டாததிலும் வேண்டியதைத் தேட முடிந்தது. நம் ஆசிரியர் சொன்னதும் சரிதான். இருந்தாலும், கொட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.