தில்லிப் பூங்காக்களில் இளவேனில்

நந்தமிழ் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என வகுத்தனர். அக்கணக்கு தில்லிக்குப் பொருந்துவதன்று. ஈண்டுச் சித்திரை பிறக்குமுன்னரே இளவேனில் மூட்டை கட்டிக்கொள்கின்றது. வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று ஆட்சிக்கு வந்துவிடுகின்றது. மாசிப் பின்பாதி முதல் பங்குனி முடிய ஏறத்தாழ ஆறு வாரமே இந்நகரின் வேனிற்பருவம். அச்சிறு பொழுதினை இந்நகரத்தார் எங்ஙனம் கண்டனர், யார் குறித்து வைத்தனர் என்பதை ஒருவாறு ஆராய்வோம்.

மருமகனை இழந்து துயருற்றிருந்த நிஜாமுதீன் அவுலியாவை மகிழ்விக்க, 1325இல் மறைந்த புலவர் அமீர் குஸ்ரோ மஞ்சளாடை பூண்டு கடுகுமலர் ஏந்திச் சென்றார் என்பது மரபு. அத்தர்காவில் இன்றும் வசந்த விழா மஞ்சள் நிறத்திலேயே நிகழ்கின்றது. இது மலரைக் கொண்டாடிய வரலாறு. உயிரினத்தை உற்று நோக்கிய வரலாற்றுக்கு ஜஹாங்கீர் மன்னரிடம் செல்லவேண்டும். லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு இணை, கூடி முட்டையிட்டு அடைகாத்ததை நாட்கணக்குடன் தம் நினைவுக் குறிப்பில் அவர் எழுதினார். அரசர்களுள் இத்துணைப் பொறுமை அரிது.

1911இல் தலைநகர் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாறுமென அறிவிக்கப்பட்டது. பின்னர் எழுந்த புதுநகரின் சாலைகளில் நட்டவை எவை? வேம்பு, நாவல், புளி, மருதம், அரசு. எல்லாம் நாம் பிறந்த ஊரிலேயே அறிந்த மரங்கள்! முஸ்டோ என்னும் ஆங்கிலத் தோட்டக்கலைஞர் இப்பணியில் பெரும்பங்கு கொண்டார். கன்றுகளை வளர்த்த இடங்களுள் ஒன்றான சுந்தர் நர்சரி, 2018இல் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. லோதி மன்னர் சமாதிகளைச் சூழ்ந்திருந்த கைர்ப்பூர்ச் சிற்றூர் அகற்றப்பட்டு, 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா தோன்றியது. விடுதலைக்குப்பின் அதுவே லோதி தோட்டமாயிற்று. அகற்றப்பட்ட குடிகளைப் பற்றிப் பூங்கா வரலாறுகள் ஒருவரியில் கடந்துவிடுகின்றன.

பறவைகளின் வரவையும் செலவையும் முறையாகப் பதிந்தோர் விடுதலைக்குப்பின் ஒன்றுகூடினர். காந்தியடிகளின் நண்பரும் குவேக்கர் சமயத்தவருமான ஹோரஸ் அலெக்சாந்தர், படைத்தலைவர் ஹெரால்ட் வில்லியம்ஸ் ஆகியோர் முயற்சியால் 1950இல் தில்லிப் பறவை நோக்குநர் கழகம் பிறந்தது. இந்திரா காந்தி அம்மையாரும் அதில் உறுப்பினராயிருந்தார். உஷா கங்கூலி அம்மையாரின் தில்லிப் பறவைகள் பற்றிய கையேடு 1975இல் வெளிவந்தது. அதே 1950இல், நெல்லைச் சீமையிற் பிறந்த மா. கிருஷ்ணன், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதத் தொடங்கி, 1996இல் மறையும்வரை நிறுத்தவில்லை. நிலையத்தில் வண்டி வந்த நேரமும் சென்ற நேரமும் பதியும் தொழிலுடைய நமக்கு, இத்தகையோர் பால் தனி மதிப்புண்டு.

இனிக் காட்சிக்கு வருவோம். மாசியில் முதற்கொடி காட்டுவது இலவமரம். இலையெல்லாம் உதிர்த்துக் கிளைதோறும் செம்மலர் தாங்கி நிற்கும். மைனா, காகம், கொண்டைக்குருவி, அணில் யாவும் அங்கே தேனுண்ணக் கூடும். இலவு காத்த கிளி நம்மூரில் காய் பழுக்குமெனக் காத்து ஏமாந்தது. தில்லிக் கிளியோ பூவிலேயே கணக்கை முடித்துக்கொள்கின்றது. அணிலையும் கூர்ந்து நோக்குக. இராமபிரான் தடவிய மூன்று கோடுகள் என்று குழந்தைகட்குக் கதை சொல்லத் தொடங்கினால், அவர்கள் எண்ணிப்பார்த்து ஐந்து என்பார்கள். அவர்கள் சொல்வதே சரி. தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, வடநாட்டு அணிலுக்கு ஐந்து; இரண்டும் வேறு இனம்.

பங்குனியில் குக்குறுவான், செப்புக்கொல்லன் சம்மட்டி அடிப்பதுபோல் ஓயாது ஒலிக்கும். பனிக்காலத்தில் வாய் திறவாதிருந்த குயிலும் கூவத் தொடங்கும். அரசமரம் செந்தளிர் விடும். குளிருக்கு வந்த வாலாட்டிக் குருவிகள் ஒவ்வொன்றாய் விடைபெறும். லோதி தோட்டத்தின் முதுமரங்களில் சாம்பல்நிற இருவாச்சி கூடுகட்டும் முறை வியப்புடைத்து. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை எச்சமும் மண்ணும் கொண்டு அடைத்துக்கொள்ளும். ஒரு கீறலே எஞ்சும். ஆண் அத்தி, ஆல், அரசின் கனிகளைக் கொணர்ந்து அக்கீறல் வழியே வாரக்கணக்கில் ஊட்டும்.

இருவாச்சி தானே பொந்து குடைவதில்லை. முதிர்ந்த மரத்தில் இயல்பாய் அமைந்த பொந்தே அதற்கு வேண்டும். 2018இல் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் முதலிய அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டுண்ணும் என்ற செய்தி வந்தபோது, மக்கள் மரங்களைத் தழுவி நின்றனர். உயர்நீதிமன்றமும் தடை விதித்தது. நம்மவர் பலர் பணிக்காலம் முழுதும் வாழ்ந்த தெருக்கள் அவை. வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்பது வழக்கமான விடை. பத்துக் கன்று சேர்ந்தாலும் ஒரு பொந்து ஆகாது. ஐம்பதாண்டு காத்திருக்கும் வசதி இருவாச்சிக்கு இல்லை. சிட்டுக்குருவியை 2012இல் தில்லி மாநிலப் பறவையாக அறிவித்ததும், அது வீடுகளினின்று மறைந்துவருகின்றது என்ற கவலை எழுந்த பின்னரே.

குடியிருப்பிலுள்ள மாணவர் ஒரு பழைய நாட்குறிப்பேட்டை எடுத்து, முதல் இலவம்பூ, முதற் குயிலோசை, வாலாட்டியைக் கடைசியாகக் கண்ட நாள் ஆகிய மூன்றை மட்டும் ஆண்டுதோறும் எழுதிவரலாம். தேர்வுக் காலமாயிற்றே எனப் பெற்றோர் தடுக்க வேண்டா. சாளரத்தருகே அமர்ந்து படித்தாலே போதும்.

பங்குனி இறுதியில் முசுக்கட்டைக் கனி பழுக்கும். அப்போது இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட சூறைக்குருவிகள் கூட்டங்கூட்டமாய் இறங்கும். பனிக்காலத்தைத் தென்னாட்டு வயல்களிலும் கழிக்கும் இனம் இது. மத்திய ஆசியாவின் புல்வெளிகட்குச் செல்லும் வழியில் தில்லி அவற்றுக்கு ஓர் இடைநிலையம். பழம் தீர்ந்ததும், சித்திரை பிறந்து சின்னாட்களில், அவை வடக்கே புறப்பட்டுவிடும்.