படகு மோட்டாருக்கு நீர் ஊட்டிய வரலாறு



ரவாங்கின் பழைய வரலாற்றில் ஒரு பம்புக்கு முக்கிய இடமுண்டு. 1894ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இவ்வூரிலுள்ள தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்பம்பால் நீரை இறைத்தார்கள். நம் நாட்டில் மின்சாரத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுரங்கத்திலிருந்து நீரை வெளியேற்றுவது அந்தப் பம்பின் வேலை. படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு பம்பு உண்டு. அது செய்வதோ நேர்மாறான வேலை, நீரை உள்ளே கொண்டுவருவது. ஈயக்குட்டையிலோ கிள்ளான் ஆற்று முகத்திலோ பழைய மோட்டாரை வைத்துக்கொண்டு, "இதன் குளிரூட்டலை மாற்றியமைக்கலாமா?" என்று யோசிப்பவர்கள் இந்தப் பம்பின் வரலாற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் காமரான் வாட்டர்மன் 1905இல் ஓட்டிப் பார்த்த மோட்டார் காற்றாலேயே குளிர்ந்தது. பின்னர் அவரும் நீருக்கு மாறினார். நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் சக்தி ஒன்றரைக் குதிரை, எடை 62 பவுண்டு. சுற்றிலும் நீர் இருக்கும்போது குளிரூட்டுவது எளிதுதானே என்று தோன்றும். நீரைச் சிலிண்டர் வரை ஏற்றுவதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் மூளையைக் கசக்கினார்கள்.

ஜான்சன் நிறுவனத்தின் பழைய மோட்டார்கள் சிலவற்றில் பம்பே கிடையாது! சுழல்விசிறி பின்னோக்கித் தள்ளும் நீரே ஒரு துளை வழியாக மேலேறும். கெட்டுப்போகப் பம்பு இல்லை என்பது வசதிதான். ஆனால் விசிறி மெதுவாகச் சுழன்றால் நீரும் குறைந்துவிடும்.

பின்னால் வந்தது ரப்பர் இம்பெல்லர். மையம் விலகிய கூட்டுக்குள் அதன் இதழ்கள் வளைந்து நிமிர்ந்து நீரைத் தள்ளும். மெதுவான ஓட்டத்திலும் நீர் வருவதால் எங்கும் பரவியது. எனினும் அதற்கு இரு எதிரிகள்: மணலும் வறட்சியும். நீரின்றிச் சில விநாடிகள் ஓடினாலே ரப்பர் கருகத் தொடங்கும். ஈயக்குட்டையின் அடியில் என்ன கிடக்கிறது என்று நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மணல்தான். பிரிட்டிஷ் சீகல் மோட்டாரின் பம்பு வேறு வகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்கும் உழைத்த மோட்டார் அது. அதன் இம்பெல்லர் கூட்டின் சுவரைத் தொடாமல் சுழல்வதால் மணலால் எளிதில் தேய்வதில்லை. அழகில்லாத இயந்திரம் என்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பம்பு ஒன்றுக்காகவே அதன்மேல் மதிப்பு.

இனி, மாற்றத்துக்கு வருவோம். மோட்டார் சூடானால் பலர் முதலில் கை வைப்பது தெர்மோஸ்டாட்டில். கழற்றி எறிந்துவிட்டால் நிறைய நீர் ஓடும், நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குளிர்ந்த இயந்திரத்தில் எரிபொருள் சரிவர ஆவியாகாது. பிளக்கில் கரி படியும். தமிழகத்திலும் இலங்கையிலும் பெட்ரோலில் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் மீனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூடேறாத மோட்டார் மண்ணெண்ணெயை ஏற்காது. அதற்காகச் சூட்டை ஏறவிடவும் முடியாது. கடல்நீர் சுமார் 60 பாகை செல்சியசைத் தாண்டினால் உப்பு படிந்து நீர்வழியை அடைக்கும். அடைத்தபின் பிஸ்டன் இறுகும். கரைக்கு எட்டாத தொலைவில் அது இறுகினால், படகிலிருப்போர் காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் போக வேண்டியதுதான்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் வேறு வேலை செய்கிறார்கள். முதலில் இம்பெல்லரையும் அடைப்பு வளையங்களையும் புதிதாக்கி, நீர்வழியின் உப்பையும் சேற்றையும் கரைத்தெடுக்கிறார்கள். அடுத்தது சிறியதொரு மாற்றம்தான். 1950களின் மோட்டார்கள் பலவற்றில், நீர் ஓடுகிறதா என்று காட்டும் தாரை கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் உறையின் மேற்பகுதியில், மூடித்தகட்டில் துளையிட்டு, மெல்லிய பித்தளைக் குழலைப் பொருத்தி, ரப்பர்க் குழாயை வெளியே விடுகிறார்கள். துளை சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் சிலிண்டருக்குப் போகவேண்டிய நீரே அதில் போய்விடும்.

மோட்டாரைக் கிளப்பியதும் அந்தத் தாரையில் கையை நீட்டிப் பார்க்கிறார்கள். சற்று நேரத்தில் நீர் வெதுவெதுப்பாக வந்தால் படகைத் தள்ளலாம். கை பொறுக்காத சூடானால், அல்லது தாரை மெலிந்தால், உடனே நிறுத்திவிட்டு இம்பெல்லரைக் கழற்றுகிறார்கள்.