சுதந்திரத் தீப்பந்தம்

நானும் இருபத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தவன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, என் இஷ்டம்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எட்வர்ட் பெர்னேஸ் கதையைப் படித்தபின் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டின் தங்கை மகன் இவர். 1920களின் கடைசியில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்கு விளம்பர ஆலோசகர். அந்நாளில் அமெரிக்கப் பெண்கள் தெருவில் புகைப்பது கௌரவக் குறைச்சல். பாதிச் சந்தை கைக்கு எட்டவில்லையே என்று கம்பெனிக்குக் கவலை. பெர்னேஸ், ஏ.ஏ. பிரில் என்ற மனநல மருத்துவரிடம் யோசனை கேட்டார். பெண்களுக்குச் சிகரெட் ஒரு சுதந்திரத் தீப்பந்தம் என்றார் பிரில். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம் அது.

1929 ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்தார்கள். பெண்ணுரிமைக்காக என்றார்கள். மறுநாள் பத்திரிகைகளில் செய்தி. பின்னால் இருந்த கம்பெனியின் பெயர் மட்டும் வெளியே வரவில்லை.

மனசறிந்து விற்பது தப்பா? மளிகைக்கடை அண்ணாச்சி குழந்தை கையில் கடலைமிட்டாய் கொடுப்பதும் மனோதத்துவம்தான். ஆனால் கொடுப்பவர் யார், எதற்குக் கொடுக்கிறார் என்று நமக்குத் தெரியும். பெர்னேஸ் மறைத்தது அதைத்தான். மறைத்ததால்தான் அது ஏமாற்று என்பேன்.

1960களில் அதே பெர்னேஸ் புகைப்பதற்கு எதிராகப் பிரசாரம் செய்தார். டாக்டர் மிரட்டிய பிறகு நானும் விட்டேன். இரண்டு பேருக்குமே புத்தி வந்தது தாமதமாகத்தான்.