அயலறிய விற்ற காணி

யாழ்ப்பாணத்தில் வீடு வளவு விற்பது விற்பவரும் வாங்குபவரும் மட்டும் பேசித் தீர்க்கும் காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. மூன்றாவதாக ஒருவர் எப்போதும் உண்டு. அவர் அயலவர். காணி பார்க்க வருபவர் விலையைக் கேட்குமுன் “அயல் எப்படி?” என்று விசாரிப்பதை இன்றும் காணலாம். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். சிலவேளை விற்பனையே நின்றுவிடும்.

இந்த மூன்றாமவருக்கு ஒருகாலத்தில் சட்டமே இடம் கொடுத்திருந்தது. ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சீமோன்சின் பணிப்பின் பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 இல் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புதல் வழங்கிய அத்தொகுப்பே தேசவழமை. காணி விற்பனை பற்றி அது கூறுவது கவனிக்கத்தக்கது. விற்க எண்ணுபவர் முதலில் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்கவேண்டும். அருகே காணியுடைய அயலவர் அந்தக் காணியை ஈடாகப் பிடித்திருந்தால் அவருக்கும் அறிவிக்கவேண்டும். அவர்கள் வாங்க மறுத்தால்தான் வெளியாருக்கு விற்கலாம். அறிவித்தலுக்கான தவணையும் இருந்தது. ஊரில் இருப்பவருக்குக் குறைந்த தவணை. தொலைவில் இருப்பவருக்குக் கூடிய தவணை.

எல்லா அயலவருக்கும் இந்த முன்னுரிமை இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அருகில் குடியிருந்தது மட்டும் போதாது. அந்தக் காணியின்மேல் அவர் பணமும் கொடுத்திருக்கவேண்டும். எனினும் விற்பனை ஊரறிய நடக்கவேண்டும் என்ற நியதி எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் இந்தத் தனித்தனி அறிவித்தலை மாற்றி, காணி உள்ள இடத்துத் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விற்பனையைப் பகிரங்கமாக அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். உரிமை கோருபவர் எவராயினும் அந்த நாட்களுக்குள் முன்வரலாம். எல்லையில் தகராறு உள்ள அயலவருக்கும் செய்தி காதில் விழுந்துவிடும்.

ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். முன்னுரிமை வழக்குகள் அதன்பின் நீதிமன்றங்களில் குவிந்தன. யார் பங்காளர், யாருக்கு அறிவித்தல் கிடைத்தது, கிடைக்கவில்லை என்பவையே அவற்றின் மையம். இறுதியில் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்னுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையைப் பங்காளருக்கும், விற்பவர் இறந்தால் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் மட்டுப்படுத்தியது. ஈடு பிடித்த அயலவர் பட்டியலில் இருந்து நீங்கினார். ஏட்டிலே அயலவரின் இடம் அத்துடன் முடிந்தது. நாட்டிலே முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்குக் காணிகளின் அமைப்பைப் பார்க்கவேண்டும். குடாநாட்டிலே காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு தலைமுறையில் பத்துப் பரப்பாக இருந்த வளவு, சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து, மூன்றாம் தலைமுறையில் இரண்டு பரப்பும் ஒன்றரைப் பரப்புமாகிவிடும். நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே கிணறு பங்குக் கிணறாகிறது. பின்வளவில் உள்ளவர் தெருவுக்கு வர முன்வளவின் ஓரத்தால் ஒரு கீற்று நிலம் ஒழுங்கையாக விடப்படுகிறது. உறுதியை எழுதும் நொத்தாரிசு “கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்” என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த ஒரு வரிக்குள்ளேதான் அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டை முழுவதும் ஒளிந்திருக்கிறது. உடன்பிறந்தவர்கள் இருக்கும்வரை அது வெளிப்படுவதில்லை. ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்கும் நாளில் வெளிப்படுகிறது.

வேலியின் கதையும் இத்தகையதே. பழைய வேலிகள் உயிர்வேலிகள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பார்கள். கதியால் வேர்விட்டுப் பருக்கும். பட்டுப்போனதற்குப் பதிலாகப் புதிய கதியால் நடும்போது அது பழையதன் இப்பக்கமா அப்பக்கமா என்பதிலே அரையடி மாறிவிடும். ஆண்டுதோறும் அடைக்கும் வேலி ஆண்டுதோறும் சிறிது நகரக்கூடிய வேலியாகும். குழை ஆட்டுக்கும் வயலுக்கும் வேண்டியது. ஆகவே குழை வெட்டும் உரிமைக்கும் சண்டை உண்டு. எல்லை மரத்தின் கிளை அடுத்த வளவுக்குள் சாய்ந்தால் பழம் யாருக்கு என்பதையும் தேசவழமை பேசவேண்டியிருந்தது என்றால், இந்தத் தகராறுகளின் வயது நமக்கு விளங்கும்.

பின்னர் சீமெந்து மதில் வந்தது. வேலியால் நகர முடிந்தது. மதிலால் நகர முடியாது. எனவே மதிலுக்கு அத்திவாரம் வெட்டும் நாளே போர் தொடங்கும் நாளாயிற்று. நீதிமன்றச் செய்தி சேகரித்த நிருபர் எவரும் இதை அறிவார்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது வாகனம். ஒழுங்கைகள் மாட்டுவண்டிக்கும் ஈருருளிக்கும் அளவாக விடப்பட்டவை. சில, ஆள் நடக்க மட்டுமே போதியவை. நம் நாட்டில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டம் வழி உரிமையை மூன்றாகப் பிரிக்கிறது: நடந்து செல்லும் உரிமை, கால்நடை ஓட்டிச் செல்லும் உரிமை, வண்டி செல்லும் உரிமை. நடைபாதை உரிமை உடையவர் அதன் வழியே கார் கொண்டுபோகலாம் என்று பொருளாகாது. உறுதியிலோ வெறுமனே “வழி” என்று எழுதியிருக்கும். வண்டிப் பாதையே என்றாலும், அது போய்வருவதற்கான உரிமை. நடுவே நிறுத்திவைப்பதற்கானது அன்று. ஆனால் ஒழுங்கை வாயில் இரவில் ஓட்டோவையோ வானையோ விட்டுவிட்டு உறங்கச் செல்லும் அயலவரிடம் இந்த நுணுக்கத்தை யார் எடுத்துரைப்பது? “வாகனம் செல்லக்கூடிய பாதை” என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, வாங்க வருபவரின் வாகனம் அந்தப் பாதையில் மறிபட்டு நிற்பதைப் பார்க்கும் உரிமையாளரின் நிலை பரிதாபமானது.

தகராறு முற்றினால் போகும் இடங்கள் உண்டு. 1958 இல் இணக்க சபைகள் சட்டமாயின. அவை 1978 இல் நீக்கப்பட்டு, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. கைகலப்பு ஏற்படும் அச்சம் இருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிசார் விடயத்தை நீதிமன்றுக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே கிடைப்பது யாருக்குச் சொந்தம் என்ற முடிவு அன்று; அமைதி குலையாதிருக்க அப்போதைக்கு யார் அனுபவிப்பது என்ற கட்டளை மட்டுமே. சொத்துரிமை வழக்கு தனி. அதன் ஆயுள் நீண்டது. வழக்குள்ள காணிக்கு வாங்குபவர் வருவது அரிது.

போர் இந்தப் பழைய நோயை வேறொரு கட்டத்துக்குக் கொண்டுபோனது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இருந்த மக்களும் ஊரைவிட்டு வெளியேறினர். திரும்பி வந்தபோது பல இடங்களில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. எது யாருடைய வளவு என்று சொல்லக்கூடிய முதியவர்கள் பலர் இறந்துபோயிருந்தனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்தனர். நமது ஆட்சியுரிமைச் சட்டம் 1871 ஆம் ஆண்டினது. பத்து ஆண்டு தடையின்றி, எதிர்நிலையில் அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்பது அதன் விதி. ஊரில் இல்லாதவரால் எப்படித் தடுத்திருக்க முடியும்? இதனை உணர்ந்தே 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கருத்தில் எடுத்து, 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

இன்று வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்பி, உறவினர் ஒருவர் மூலம் தாய்வீட்டை விற்கிறார். தரகர் வருகிறார், விலை பேசுகிறார், உறுதி முடிகிறது. அயலவருக்குச் செய்தி தெரிவது புதியவர் அளவையாளரோடு வந்து நூல் பிடிக்கும்போதுதான். முப்பது ஆண்டுகள் அந்த வீட்டுக்கு விளக்கேற்றிக் காவல் இருந்தவரும் அந்த அயலவராக இருக்கலாம். இரண்டடி நகர்த்தி வேலி போட்டவரும் அவராக இருக்கலாம். சில இடங்களில் இரண்டும் ஒருவரே. விற்றவர் பணத்தோடு ஒதுங்கிவிடுகிறார். வாங்கியவர் காணியோடு அந்தக் கோபத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

மூன்று ஞாயிறு அறிவித்த அந்தப் பழைய முறையை மீட்டெடுக்கவேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதன் உட்பொருள் இன்றும் பயன்படக்கூடியது. விற்குமுன் அயலவரை அழைத்து, நான்கு எல்லையையும் சேர்ந்து நடந்து பார்த்து, அளவைப் படத்தில் ஒழுங்கையின் அகலத்தை அடிக்கணக்கில் குறித்து, அதில் வாகனம் செல்லலாமா, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பவற்றை உறுதியில் எழுதிவிட்டால், பல வழக்குகள் பிறக்கவே மாட்டா. இதற்கு ஒருநாள் போதும். பணத்தைப் பெற்றுக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் அந்த ஒருநாளைத்தான் பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.